ஐந்தாவது படியில் நின்றவர்

போன புதன்கிழமை ராசிங்காபுரத்திலிருந்து மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். வாசகசாலைக்காரர்கள். மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு பஸ் ஏறி, போடியில் இறங்கி, வேகு வேகென்று நடந்து வந்திருக்கிறார்கள்.

என் வீடு தெருவை விடக் கொஞ்சம் உயரம். ஒன்பது படி ஏறவேண்டும். கூட வந்த இரண்டு வாலிபர்களும் தாவி வந்துவிட்டார்கள். செயலாளர் சுப்பையா மட்டும் ஐந்தாவது படியில் நின்றுவிட்டார். ஐம்பது வயதுக்காரர், பருத்தி போடுகிறவர். அங்கே நின்றபடியே எங்கள் வீட்டு நிலைக்கதவை அண்ணாந்து பார்த்தார்.

"என்னா வேலைப்பாடு! இப்பல்லாம் யாருண்ணே இப்படிச் செய்யுறா?" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரசிகர்! மோர் கொண்டுவரச் சொன்னேன்.

வந்த விஷயத்தைச் சொன்னார்கள். பங்குனியில் வாசகசாலைக்கு ஆண்டு விழாவாம். நான் வந்து 'உழைப்பின் உயர்வு' என்ற தலைப்பில் பேசவேண்டுமாம். நானா? வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் இந்த இடத்தில் ஏதோ கிறுக்குகிறவன்... மற்ற நாளில் மண்டிக்காக ஏலக்காய் தரம் பார்க்கிறவன். நான் உழைப்பைப் பற்றிப் பேசுவதா?

"என்னண்ணே இப்படிக் கேக்குறீக? மலைக்குப் போகையில கூலியாள் வச்சுக்கிடாம தானே சுமை தூக்கிட்டுப் போறவுக நீங்க. அடுத்தவுக சுமையவும் சேத்துத் தூக்கி நெஞ்சு நோவு வாங்கினவுக. நீங்க பேசலைன்னா வேற யாரு பேசுறது?" என்றார் சுப்பையா.

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மோர் கடைந்துகொண்டிருந்த என் மனைவி கனகம்தான். சாதாரணச் சிரிப்பில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் வெளியே வந்த சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நான் விளக்கம் சொல்லியாகவேண்டும். ஆறு வாரமாக இந்த இடத்தில் என் எழுத்து ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கும் அதுதான் பதில்.

ஏலக்காய்க் காலத்தில் மாதம் இரண்டு முறையாவது நான் மலை ஏறவேண்டும். குரங்கணியிலிருந்து நடை. எஸ்டேட்டில் காயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, உரித்து விதையைக் கடித்துப் பார்த்து, தரம் சொல்லி, மாதிரிக்குக் கொஞ்சம் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்து வருவது என் சோலி. இருபது வருஷமாக ஏறுகிறேன். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

போன வருஷம் மாசியில், ஏற்றத்தின் பாதியில் நெஞ்சுக்கு நடுவே ஒரு பிடிப்பு. யாரோ உள்ளே கையைவிட்டு இறுக்குவது போல. நின்றேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. நடந்தேன். மறுபடி வந்தது. நின்றேன். போய்விட்டது.

வாயு! வேறென்ன? நம் ஊரில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தானே? சுக்குத் தண்ணீர் குடித்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். ஏலக்காய்க்குப் பஞ்சமா? அதையும் மென்று தள்ளினேன். எதைக் குடித்தாலும் நின்றுகொண்டுதானே குடித்தேன்... நின்றால் வலி போனது. மருந்து கேட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

சில நாள் வலி இடது தோளுக்குப் போகும். சில நாள் கீழ்த்தாடைக்கு. தாடைக்கு வந்தால் என்ன அர்த்தம்? பல்! கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். "எல்லாப் பல்லும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், பாவம். நான் விடவில்லை. நானே ஒன்றைத் தொட்டுக் காட்டிப் பிடுங்கச் சொன்னேன். அருமையான கடைவாய்ப் பல். இன்றைக்கும் முறுக்கு கடிக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, வலி வந்தால் நிற்கவேண்டும். நிற்பதில் என்ன கஷ்டம்? கஷ்டம் இருக்கிறது. அந்தப் பாதையில் மூன்று இடத்தில் சுமைதாங்கிக் கல் உண்டு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். தலைச்சுமைக்காரர்கள் யார் துணையும் இல்லாமல் மூட்டையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். சுமை வைத்திருக்கிறவனுக்குத்தான் அங்கே நிற்க உரிமை. வெறுங்கையோடு ஒருவன் அதில் சாய்ந்து நின்றால் சும்மா விடமாட்டார்கள்.

"என்னண்ணே, வெறுங்கையா ஏறுறதுக்கே இந்த இளைப்பா? வயசாகிப் போச்சோ?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டான் வீரணன். எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை சுமப்பவன். கேட்டுவிட்டு அரை மூட்டை அரிசியை அலுங்காமல் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

வயசா? எனக்கா? நாற்பத்தெட்டு ஒரு வயசா?

இன்னொரு பயமும் இருந்தது. அதை மறைப்பானேன்? மலை ஏற முடியாத தரக்காரன் மண்டிக்கு எதற்கு? எனக்கு வலி என்று தெரிந்தால் அடுத்த நடைக்கு வேறு ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்.

ஆகவே யோசித்தேன். மூளையை நன்றாகக் கசக்கி யோசித்ததில் கிடைத்த வழி இது. சுமை இருந்தால்தானே நிற்கலாம்? அப்படியானால் சுமை தூக்கினால் போச்சு!

அடுத்த நடையில் எஸ்டேட் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வெல்லமும் கருவாடும் வாங்கி, பத்து ராத்தல் பையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். கல்லுக்குக் கல் இறக்கி வைத்தேன். வேர்வையைத் துடைத்தேன். வானத்தைப் பார்த்தேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிம்மதி இருக்கிறதே!

வலி முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் வாயுவின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இதற்கிடையே எனக்குப் புகழ் வந்து சேர்ந்தது. மண்டிக்காரர் தானே சுமக்கிறாராம், என்ன எளிமை, என்ன குணம்! புகழ் சும்மா வருமா? கூடவே சுமையும் வந்தது. "அண்ணே, எப்படியும் தூக்கிட்டுத்தானே போறீக, இந்த மம்பட்டியையும் எங்க மச்சான்கிட்ட குடுத்துருங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் உப்பு மூட்டை கொடுப்பார். ஒரு தடவை பிள்ளைபெற்ற வீட்டுக்கு மரத்தொட்டில் ஒன்றையும் சுமந்தேன். அன்றைக்குக் கல்லில்லாத இடத்திலும் நான்கு முறை நின்றேன். தொட்டிலைப் பார்த்து எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கனகத்தை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. கோயில் மேட்டில் நான் நின்று நின்று வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இந்த வாயு மேட்டுல ஏறுனா வருது, நின்னா போயிருது. வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியுமாங்க?" என்றாள்.

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் கூட்டிக்கொண்டு போனாள் என்பதைவிட ஓட்டிக்கொண்டு போனாள் என்பது பொருந்தும்.

எங்கள் டாக்டர் அதிகம் பேசமாட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, நின்றால் போகிறதா, சாப்பிட்டுவிட்டு நடந்தால் கூடுகிறதா, குளிர் காற்றில் எப்படி, கோபம் வந்தால் எப்படி என்று கேட்டார். பல் கதையைக் கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வாயு இல்ல, அஞ்சைனா" என்றார். "உடம்பு பூராவுக்கும் ரத்தம் அனுப்புற இதயத்துக்கும் ரத்தம் வேணும். அதுக்குன்னு தனியாச் சின்னச் சின்னக் குழாய் இருக்கு. உங்களுக்கு அது சுருங்கியிருக்கு. சும்மா உக்காந்திருந்தா போதுமான ரத்தம் போகும். மேடு ஏறுனா, சுமை தூக்குனா இதயம் கூடக் கேக்கும். கிடைக்காது. அப்ப வலிக்கும். நின்னீங்கன்னா அது கேக்குறது குறையும், வலியும் போயிரும்."

"அப்ப ஒண்ணும் பயமில்லையே டாக்டர்? நின்னாத்தான் போயிருதே..."

"பயப்பட வேண்டியதுதான். அது உங்களுக்கு முன்கூட்டியே சொல்லுது. ஒரு நாள் குழாய் சுத்தமா அடைச்சிருச்சுன்னா, நின்னாலும் போகாது. இதயத்துல அந்தப் பாகமே செத்துப்போகும். ஆளும் போயிரலாம்."

கனகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் முன்னால்! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததே இல்லை.

சிகரெட் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, மலை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், சுமை மூச்! ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொடுத்தார். பழுப்பு நிறம். உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரைகள். வலி வந்தால் உடனே உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் ஒன்று வைக்கவேண்டும். விழுங்கக்கூடாது. "குப்பியிலேயே வச்சிருங்க, மூடியை இறுக்கி மூடுங்க" என்றும் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. நாக்கடியில் சுருக்கென்றது. தலை விண்விண்ணென்று தெறித்தது. ஒரு நிமிஷத்தில் வலி போனது.

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். மார்கழியில் மண்டியிலிருந்து ஆள் வந்தது. நல்ல காய் இறங்குகிறது, போய்ப் பார்த்தால் தேவலை என்று. நான் போகாவிட்டால் யாரை அனுப்பலாம் என்றும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள்.

கனகத்திடம் பொய் சொன்னேன். "கழுதை ஏற்பாடு பண்ணியிருக்கு. அதுமேல உக்காந்து போயிட்டு அப்படியே வந்துருவேன்." அவள் நம்பவில்லை. ஆனாலும் குப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

கண்ணாடிக் குப்பியாயிற்றே... பாறையில் பட்டு உடைந்துவிட்டால்? கெட்டிக்காரன் அல்லவா நான்! அவள் அந்தப்பக்கம் போனதும் மாத்திரைகளைக் கொட்டி, மாதிரி ஏலக்காய் கட்டுவது போலவே நாலு காகிதப் பொட்டலமாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலிக் குப்பியைப் பரணில் ஒளித்தேன்.

கீழே பஸ் கோளாறு, எஸ்டேட்டில் காய் தாமதம் என்று ஒரு வாரம் குரங்கணியிலேயே தங்கும்படி ஆயிற்று. ஒரு நாள் இலேசாக வலித்தபோது ஒரு மாத்திரை போட்டேன். தலை தெறிக்கவில்லை. நாக்கில் சுருக்கும் இல்லை. பரவாயில்லையே, உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். வலி உட்கார்ந்ததால் போயிருக்கவேண்டும்.

எட்டாம் நாள் காலையில் ஆப்பமும் கறிக்குழம்பும் கழுத்து மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். தோளில் பை இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. ஊர் பார்க்கும்போது வெறுங்கையோடு ஏற எனக்கு இனி முடியுமா? மார்கழிக் குளிர் காற்று எதிரே அடித்தது. டாக்டர் எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் ஒரே காலையில் செய்து முடித்தேன்.

இரண்டாவது சுமைதாங்கிக்கும் மூன்றாவதற்கும் நடுவில் பிடித்தது. நின்றேன். போகவில்லை. உட்கார்ந்தேன். போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாத்திரை. சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி கிடந்தது நாக்கடியில். இன்னொன்று... இன்னொன்று. ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

மேலே போய்க்கொண்டிருந்த வீரணன் திரும்பிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தரையிலேயே போட்டான்.

"அண்ணே, மூஞ்சி வெளிறிக் கெடக்கே. என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல வீரணா... வாயு."

சாகப்போகிற நேரத்திலும் வாயுதான்!

"நெசத்தச் சொல்லுங்கண்ணே."

பயமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. கழுதையில் போகிறேன் என்று சொன்ன பொய்தான் கனகத்திடம் நான் பேசிய கடைசிப் பேச்சாக இருக்கப்போகிறது என்று தோன்றியது. அது வலியைவிட அதிகமாக வலித்தது.

"நெஞ்சு வலிக்குதுப்பா. ஒரு வருசமா வலிக்குது" என்றேன்.

"நாங்க எப்பவோ நெனச்சோம்ணே. சுமைகாரன் கல்லு வந்தாத்தான் இறக்குவான். நீங்க கல்லு இருக்கோ இல்லையோ, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இறக்குவீக. மண்டி ஆளு... நாங்க எப்படி வாய் விட்டுக் கேக்குறது?"

இத்தனை நாளும் நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்? தெரியாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

வீரணன் குரல் கொடுத்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி என்னை அதில் படுக்க வைத்தார்கள். "வெரசா, ஆனா அலுங்காம" என்று வீரணன் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாவது சுமைதாங்கியில் ஆள் மாற்ற வேண்டியிருந்தது. முன்னங்கம்பைக் கல்லின்மேல் ஏற்றி வைத்தார்கள். நான் தூளிக்குள்ளிருந்து அந்தக் கல்லைப் பார்த்தேன். ஒரு வருஷமாக நான் கள்ளத்தனமாகச் சாய்ந்த கல். அன்றைக்குத்தான் நியாயமாக ஒரு சுமை இறங்கியிருந்தது. நூற்று முப்பது ராத்தல் இருக்கும்.

குரங்கணியிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் போடி. டாக்டர் ஊசி போட்டார். கனகம் வந்து நின்றாள். அழவில்லை. "கழுதை எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் அந்தப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"போன வருசம் எனக்கு ஏலக்காய் கொண்டுவந்து குடுத்தீங்களே, அப்ப என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவிருந்தது. டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள் டாக்டர், காற்றுப் பட்டால் வாசம் போய்விடும், அப்புறம் காய் இருந்தும் சக்கைதான் என்று சொல்லியிருந்தேன். மலை முழுக்க இருபது வருஷமாக நான் நடத்தும் பாடம் அது.

"இந்த மாத்திரையும் அப்படித்தான். காகிதத்துல மடிச்சா மருந்து காத்தோட போயிரும். நாக்கடியில சுருக்கு இல்ல, தலைவலி இல்லன்னா மருந்து செத்துருச்சுன்னு அர்த்தம். மூக்கை வச்சே பொழைக்கிற ஆளு நீங்க..."

முடிக்காமல் எழுந்து போய்விட்டார். முடித்திருந்தால்கூடத் தேவலை.

ஆறு வாரம் படுக்கை. இதயத்தில் கொஞ்சம் சேதம்தானாம், பிழைத்துக்கொண்டேன். மண்டியில் இப்போது எனக்கு மேஜை வேலை. மாதிரிகள் என்னைத் தேடி மலையிறங்கி வருகின்றன. இதற்கா ஒரு வருஷம் பயந்தேன்?

இவ்வளவையும் அந்த மூன்று பேரிடமும் சொன்னேன். வாலிபர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொட்டில் கதைக்கு ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை. மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாளர் ஏமாற்றிவிட்டாரே என்ற வருத்தம் போலும் என்று நினைத்தேன். பாருங்கள், இவ்வளவு பட்டும் எனக்கு எதுவும் சட்டென்று விளங்குவதில்லை.

வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். வாலிபர்கள் முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். சுப்பையாவோடு நின்று நானும் நிலைக்கதவை அண்ணாந்து பார்த்தேன், அவர் அப்படி ரசித்தாரே என்று. அப்போதுதான் பொறி தட்டியது.

"சுப்பையாண்ணே, வர்றப்ப அஞ்சாவது படியில நின்னீகளே... எத்தனை நாளா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார்.

"ஐப்பசியிலேருந்துண்ணே. வீட்டுல யாருக்கும் தெரியாது."

வாலிபர்களைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். வழியில் மூன்று இடத்தில் நின்றோம். "என்னண்ணே நின்னுட்டீக?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். "நெஞ்சு வலிக்குது" என்றேன் நான். மூன்றாவது இடத்தில் அவரே சொன்னார். டாக்டர் கொடுத்த குப்பி ஒன்று இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மூடியோடு.

எங்கள் நிலைக்கதவு வெறும் பலகை. ஒரு பூகூடச் செதுக்கியதில்லை.